காணாத மலையும் கேட்ட சொல்லும்

ஐப்பசி மழை விட்ட மறுநாள் விடியற்காலையில், பெரியதாழைக் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று மேற்கே நோக்குகிறவனுக்கு, தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளுக்கும் அவற்றின்மேல் வரிசை குலைந்து நிற்கும் பனைகளுக்கும் அப்பால், மழை கழுவிய வானத்தின் அடிவரம்பில் நீலப் புகையால் இழுத்த கோடு போல ஒரு மலைத்தொடர் தோன்றும். வெயில் ஏறி மண்ணிலிருந்து ஆவி கிளம்பத் தொடங்கியதும் அது இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோகும். தெற்கே நிமிர்ந்து நிற்பது மகேந்திரகிரி. அதற்கு வடக்கே, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் கிடப்பவை பொதிகையைச் சேர்ந்த முகடுகள்.

இவ்வூருக்கு ஆறு இல்லை. தென்மேற்கே நம்பியாறும், வடகிழக்கே மணப்பாட்டருகில் கருமேனியாறும் கடலைச் சேர்கின்றன என்று பூகோளப் படம் சொன்னாலும், ஆண்டின் பெரும்பகுதி அவை மணலாகவே கிடப்பவை. வற்றாத தாமிரபரணியோ இன்னும் வடக்கே சென்று புன்னைக்காயலில் சங்கமமாகிறது. ஆயினும் ஆற்றோடு உறவில்லாத இவ்வூராருக்கு மலையோடு உறவு உண்டு. கரையை விட்டு நெடுந்தூரம் வள்ளம் போனபின், வீடுகள் மூழ்கி, பனைகள் மூழ்கி, கடைசியில் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னே மலைமுகடும் மட்டும் எஞ்சும்போது, அவ்விரண்டும் எந்தக் கோட்டில் ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பார்த்தே மீன் கிடக்கும் பார் இன்ன இடத்தில் இருக்கிறது என்று இவர்கள் பரம்பரையாக அறிந்துவந்தார்கள். அலையின் அடியில் கிடக்கும் பாறையை அறிவதற்கு, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மலையைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

அப்படிப்பட்ட முதியவர் ஒருவரோடு எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அவருடைய பேத்தி வடக்கே ஒரு பெருநகரத்தில் மலைநாட்டு நீரியலில் ஆராய்ச்சி செய்கிறாள்; மலைச்சரிவுகளில் எவ்வளவு மழை பெய்கிறது, அதில் எவ்வளவு மண்ணுக்குள் போகிறது, எவ்வளவு எந்த நேரத்தில் ஆற்றுக்கு வருகிறது என்பதைச் செயற்கைக்கோள்களின் தொலையுணர்வுத் தரவுகளைக் கொண்டும், இயந்திரக் கற்றல் என்று இப்போது வழங்கும் கணக்கு முறையைக் கொண்டும் மதிப்பிடுவது அவள் வேலை. விடுமுறைக்கு வந்திருந்த அவளிடம், நான் திண்ணையில் இருக்கும்போதே, முதியவர் கேட்டார்: "மலைக்குப் போயிருக்கியாம்மா?" "ஒரே ஒரு தடவை தாத்தா, பாபநாசத்துல குளிக்கப் போனோம்லா, அதுதான்." அவர் சிறிது நேரம் வலைக்கண்ணில் விரலை ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ மலையில இவ்வளவு பெய்ஞ்சிருக்குன்னு சொல்லுதியே, அது நீ கண்டதா, நெனச்சதா, யாரும் சொன்னதா?" என்றார்.

தர்க்க சாஸ்திரத்தில் ஒரு வரியும் வாசித்திராத ஒரு மனிதர், பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்ற மூன்று பிரமாணங்களையும் ஒரே மூச்சில் வைத்துவிட்டார். பேத்தி சிரித்து மழுப்பினாள். எனக்கோ அந்தக் கேள்வி அன்றிரவு உறக்கத்தைக் கெடுத்தது.

கண்டது என்று முதலில் சொல்லத் தோன்றும். வானத்தில் ஒரு கண்ணை நிறுத்திப் பூமியைப் பார்ப்பதைக் காட்சி என்றன்றி வேறென்ன என்பது? 1972 இல் முதல் லாண்ட்சாட் ஏவப்பட்டது தொடங்கி இந்தக் கண்கள் பெருகியவண்ணம் இருக்கின்றன. முகிலையும் இருளையும் ஊடுருவும் ரேடார்க் கண்கள் வந்தன. 2025 ஜூலை 30 இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாஸாவும் சேர்ந்து அனுப்பிய நிஸார், 12 நாளுக்கொரு முறை அதே நிலத்தின்மேல் வந்து அதன் அசைவுகளை அளக்கும்படி அமைந்தது. ஆனால் அந்தக் கண்கள் காண்பது என்ன என்று சற்றே ஊன்றி விசாரித்தால் காட்சி என்ற சொல் கையில் நில்லாமல் நழுவுகிறது. மழையை அவை காண்பதில்லை. முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை அகச்சிவப்புக் கதிரால் அளந்து, குளிர்ந்த உச்சி உயர்ந்த முகிலையும், உயர்ந்த முகில் பெருமழையையும் குறிக்கும் என்று கொள்வது ஒரு முறை. மேற்குத் தொடர்ச்சி மலையிலோ, கடற்காற்று சரிவில் முட்டி மேலேறுவதனால் பிறக்கும் மழை பெரும்பாலும் உயரங் குறைந்த முகிலிலிருந்தே கொட்டிவிடுவதால், நாலுமுக்கு, ஊத்து போன்ற மலைத் தோட்டங்களில் தேயிலைச் செடிகள் மூழ்குமளவு பெய்து தீர்ந்த மழையை வானத்துக் கண் சாதாரணத் தூறலென்று குறித்துவைப்பதும் உண்டு.

இதைவிட வியப்பானது, நீரைப் பாராமல் நீரின் பாரத்தைப் பார்த்த இரட்டைக் கோள்களின் கதை. 2002 இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற அவ்விரண்டும் ஏறக்குறைய 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றின. கீழே பாரம் மிகுந்த நிலம் வரும்போது முன்னது முதலில் ஈர்க்கப்பட்டுச் சற்றே விலக, அந்த நுண்ணிய விலகலை அளந்து, நிலத்தின் அடியில் நீர் கூடியதா குறைந்ததா என்று கண்டார்கள். 2002 முதல் 2008 வரை இராஜஸ்தான், பஞ்சாப், ஹரியாணா நிலங்கள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என்று 2009 இல் வெளியான ஆய்வு இவ்வகையில் பிறந்ததே. கண்ணில்லாதவன் கட்டிலின் முனகலைக் கொண்டு படுத்திருப்பவன் பருமனைச் சொல்வது போன்ற வித்தை இது. எனினும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தை ஒரே புள்ளியாகக் கொள்ளும் அக்கோள்களுக்கு, பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டரில் கடலைச் சேர்ந்துவிடும் தாமிரபரணி போன்ற சிற்றாற்றின் வடிநிலம் தனித்துத் தெரிவதில்லை. ஆகவே, கண்டது என்ற விடையைக் கைவிட வேண்டியதுதான்.

நினைத்தது, அதாவது கருதியறிந்தது, என்ற இரண்டாவது விடைக்கு வருகிறோம். இங்கேதான் நம் முன்னோரின் சிந்தனை வியக்கத்தக்கவாறு நமக்கு முன்னே போய் நிற்கிறது. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கரைக் கேட்கும் காதையில், அனுமானம் பொது, எச்சம், முதல் என்று மூவகையாகப் பிரிக்கப்படுகிறது. கருவுற்ற முகிலைக் கண்டு இனி மழை பெய்யும் என்பது முதல். பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு ஆற்றின் தலைப்பக்கத்தில் மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். கௌதமரின் நியாய சூத்திரத்துக்கு உரைகண்ட வாத்ஸ்யாயனரும் இதே உதாரணங்களையே காட்டுகிறார். உலகத்துப் பொருள்களெல்லாம் உதாரணமாகக் காத்திருக்க, அறிவின் இலக்கணத்தைச் சொல்லவந்த தருக்க நூலார் மலை மழையையும் ஆற்று வெள்ளத்தையும் எடுத்துக்கொண்டது தற்செயல் என்று என்னால் கொள்ள இயலவில்லை. காணமுடியாத மேட்டில் நடந்ததைக் காணக்கூடிய பள்ளத்தில் நின்று அறிவது என்பதே அனுமானத்தின் ஆதி உருவம் போலும். அந்தப் பெண் கணிப்பொறியின்முன் அமர்ந்து செய்துகொண்டிருப்பது முதலும் எச்சமுமே அன்றி வேறல்ல.

தருக்க நூலாரை விட்டு எங்கள் ஊர் வழக்குக்கு வந்தாலும் இதுவே. மார்கழியில் பதினான்கு நாள் கர்ப்போட்டம் பார்த்து, அந்நாள்களில் முகில் ஓடிய வகையைக் கொண்டு வருகிற ஆண்டின் மழையை எங்கள் பக்கத்துச் சம்சாரிகள் கணித்தார்கள். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையோ முகில் கருவுற்ற நாளிலிருந்து 195 ஆம் நாளில் மழை பிறக்கும் என்று கணக்கே சொல்கிறது. அக்கணக்கு பலித்ததா என்பது வேறு. முன்னே கண்ட குறிக்கும் பின்னே வரும் விளைவுக்கும் இடையே ஒரு கால இடைவெளியை வைத்துத் தொடர்பு தேடிய மனோபாவம் இன்றைய கணிப்பொறியின் மனோபாவத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

நியாய சூத்திரம் தன் வாதத்தைத் தானே மறுத்துப் பார்க்கவும் துணிந்தது. ஆறு பெருகுவது மழையினால் மட்டுந்தானா, இடையில் அணையிட்டு அடைத்தாலும் பெருகாதா, ஆகவே அனுமானம் பிரமாணமாகாது என்று ஓர் எதிர்வாதி அங்கே எழுகிறான். அடைத்ததனால் பெருகிய நீர் வேறு, மழையினால் பெருகிய வெள்ளம் வேறு. மழைவெள்ளத்தில் வேகம் இருக்கும், நுரை இருக்கும், இலையும் கனியும் மரமும் அடித்துவரப்படும். இவ்வளவையும் சேர்த்துப் பாராமல் பெருக்கத்தை மட்டும் பார்த்தவன் தவறினால் அது அனுமானத்தின் குற்றமன்று, அனுமானித்தவனின் குற்றம் என்று உரைகாரர் விடை பகர்கிறார். பாபநாசத்திலும் சேர்வலாற்றிலும் மணிமுத்தாற்றிலும் அணைகள் எழுந்துவிட்ட இக்காலத்தில் அந்த எதிர்வாதியின் குரல் முன்னிலும் ஓங்கிக் கேட்கிறது. கீழே ஆற்றில் ஓடும் நீரை ஒவ்வொரு நாளும் அளந்து கணிப்பொறிக்குப் புகட்டினால், அது கற்றுக்கொள்வது மலையின் இயல்பையா, மதகைத் திறக்கும் அதிகாரியின் இயல்பையா? பேத்தியிடம் இதைக் கேட்டபோது, "அதுதான் பெரியப்பா எங்க தலைவலியே" என்றாள்.

இந்தக் கற்றல் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹோக்ரைட்டர், ஷ்மிட்ஹூபர் என்ற இருவர் 1997 இல் வகுத்த ஒரு வலையமைப்பு உண்டு, எல்.எஸ்.டி.எம். என்பார்கள். நேற்றைய செய்தியில் எதை நினைவில் நிறுத்துவது, எதை மறப்பது என்பதைத் தானே பழகிக்கொள்வது அதன் தனித்தன்மை. 2018 இல் க்ராட்ஸர்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான ஆற்றுப்படுகைகளின் பழைய கணக்கை அதற்குக் கொடுத்து, மழையிலிருந்து ஆற்றோட்டத்தைச் சொல்லக் கற்பித்தார்கள். பனி என்ற ஒன்று மலையில் குளிர்காலத்தில் தங்கிக் கோடையில் உருகி ஆற்றில் இறங்குகிறது என்று அதற்கு ஒருவரும் சொல்லவில்லை. மழை, வெப்பம் முதலிய வானிலைக் கணக்கும் ஆற்றோட்டமுமே கொடுக்கப்பட்டன. ஆயினும் பிற்பாடு வலையின் உள்ளே திறந்து பார்த்தபோது, அதன் நினைவு அறைகளில் ஒன்று, பனி சேரச் சேரக் கூடியும் பனி உருக உருகக் குறைந்தும் வந்திருப்பதைக் கண்டார்கள். காணாத பனிக்குத் தன்னுள் ஓர் இடம் ஒதுக்கிவைத்திருந்தது அந்த யந்திரம்.

வைசேஷிக தரிசனத்தில் கணாதர், நீர் கீழே விழுவதற்குக் கனமும், ஓடுவதற்கு நெகிழ்ச்சியும் காரணம் என்று திருத்தமாகச் சொல்லி வந்தவர், மரத்தின் வேரிலிருந்து நீர் மேலேறுவதற்கு மட்டும் அதிருஷ்டம், அதாவது காணப்படாதது, காரணம் என்றார். அறியாமைக்கு இட்ட பெயர் என்று அதை நகைப்பவர் உண்டு. எனக்கு அது நேர்மையின் பெயராகவே படுகிறது. இங்கே ஏதோ ஒன்று இருந்தே ஆகவேண்டும், அது என் கண்ணுக்கு அகப்படவில்லை என்று ஓர் அறையைக் காலியாக விட்டுவைத்த நேர்மை. அதே சொல் நம் வாயில் அதிர்ஷ்டமாகி, வலை நிறைந்த அன்று கரையில் புழங்குகிறது.

எனினும், யந்திரத்தின் இந்தச் சாமர்த்தியத்தில் மயங்கி அனுமானம் பூர்த்தியாயிற்று என்று எண்ணிவிடலாகாது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பது பிழை. ஏனெனில் புகைக்கு நெருப்பு மட்டும் போதாது, ஈர விறகும் வேண்டும். இந்த ஈர விறகை நையாயிகர் உபாதி என்றார்கள். பலமுறை கண்டதனாலேயே இரண்டு பொருள்களின் நீங்காத் தொடர்பாகிய வியாப்தி சித்தித்துவிடாது என்று மிதிலையின் கங்கேசர் தத்துவ சிந்தாமணியில் வாதாடியதும், பன்முறைக் காட்சிக்குள்ளே ஓர் ஈர விறகு ஒளிந்திருக்கக்கூடும் என்ற அச்சத்தினால்தான். யந்திரமோ பன்முறைக் காட்சியையே உண்டு வாழ்வது. ஆயிரம் ஆண்டுக் கணக்கைக் கொடுத்தாலும், ஆயிரத்தோராவது ஆண்டில் மாறப்போகும் உபாதி எது என்பதை அது தானாகக் கேட்காது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. வடமொழியாளர் இதையே ஸ்தாலீபுலாக நியாயம் என்பர். அளவுகோல் நட்ட சில ஆறுகளைக் கொண்டு அளவுகோலே காணாத ஆறுகளின் போக்கைச் சொல்வது நீரியலாரின் நெடுங்கனவு. 2003 முதல் 2012 வரை பத்தாண்டை அதற்கென்றே சர்வதேச நீரியல் சங்கம் ஒதுக்கிவைத்தது. முத்துக் குளித்த காலத்தில் இக்கரையும் அந்த நியாயத்தையே கையாண்டது: பாரில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பை நடத்தலாமா என்று தீர்மானிக்கும் முன், மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, கடலடியில் கிடக்கும் மீதியின் விலையைக் கணக்கிட்டார்கள். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961 இல் நடந்தது. ஆனால் சோறு ஒரே தீயில் ஒரே பானையில் வெந்தது. சிப்பி ஒரே பாரில் கிடந்தது. மலையில் ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் அத்தகைய சம்பந்தம் இருக்கவேண்டும் என்று விதியில்லை.

2023 டிசம்பர் 17 ஆம் நாளும் 18 ஆம் நாளும் இதை எங்களுக்கு மறக்கவொண்ணாதபடி போதித்தன. 18 ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரியைவிட ஒரே நாளில் மிகுதி. மலைமேல் மாஞ்சோலையில் 55. மலையில் மிகுதியாகவும் கரையில் குறைவாகவும் பெய்யும் என்பது எங்கள் பாட்டன் காலத்து வியாப்தி. அன்று மழை கடற்கரையில் நின்று மலையைப் பார்த்துக் கைகொட்டியது. வெள்ளத்தைக் கண்டு தலைமழையை உரைப்பது எச்சம் என்று ஓதியவர்களுக்கு, வெள்ளமே தலையிலும் காலிலும் ஒருசேரப் பிறந்தால் என்ன பெயரிடுவது என்று அன்று தெரிந்திராது. முன்னே ஒருநாளும் காணாத ஒன்றைப் பழைய கணக்கில் பழகிய யந்திரம் எங்ஙனம் கண்டிருக்கும்?

அந்த இரவில்தான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு இரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. முன்னே தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டுபோன செய்தி நிலையத்தில் இருந்தவருக்குக் கிடைத்தது. அவர் வண்டியைப் போகவிடவில்லை. பயணிகள் சினந்திருப்பார்கள். இரண்டு இரவு அங்கே கிடந்தபோது, பக்கத்து ஊரார் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். இதை நான் இங்கே கூறுவது உருக்கத்துக்காக அன்று. முதியவரின் மூன்றாவது கேள்விக்கு, சொன்னதா என்ற கேள்விக்கு, இதில்தான் வழி திறக்கிறது.

ஆப்தனுடைய உபதேசமே சப்தப் பிரமாணம் என்பது கௌதமரின் சூத்திரம். ஆப்தன் யார்? முனிவனாக இருக்கலாம், ஆரியனாக இருக்கலாம், மிலேச்சனாகவும் இருக்கலாம் என்று குலத்தை ஒதுக்கிவிட்டு, வாத்ஸ்யாயனர் அவனுக்கு மூன்று இலக்கணங்களைச் சொல்கிறார்: பொருளை நேரே உணர்ந்திருத்தல், உள்ளதை உள்ளவாறே எடுத்துரைக்கும் விருப்பம், உயிர்களிடத்தில் தயை. அறிவின் இலக்கணத்தில் தயைக்கு என்ன வேலை என்று இளமையில் இதைப் படித்தபோது நான் திகைத்ததுண்டு. நல்லொழுக்கத்தைத் தர்க்கத்தில் கொண்டுவந்து கலக்கிறார் என்றுகூட எண்ணினேன். இன்று அப்படி எண்ணவில்லை. தயை இல்லாதவன் அறிந்ததைச் சொல்லாமலே இருந்துவிடுவான். அல்லது தன் தலைக்குப் பழி வராத அளவில் மட்டும் சொல்லிவைப்பான். அல்லது கேட்பவனுக்கு விளங்காத பாஷையில், காலம் கடந்தபின் சொல்வான். அறிந்தவனிடமிருந்து அறியாதவனிடம் அறிவு வந்து சேர்கிற பாலத்துக்குத் தயையே தூண் என்று கண்டதனால்தான் அந்த உரைகாரர் அதை இலக்கணத்துக்குள் வைத்தார்.

சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனியேரி ஆண்டுக்காண்டு பெருத்துவந்ததைச் செயற்கைக்கோள்கள் பல பத்தாண்டுகளாகப் படமெடுத்து வந்தன; உடையக்கூடும் என்று ஆய்வாளர் எழுதியும் வைத்தனர். 2023 அக்டோபர் 3, 4 ஆம் நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் அது உடைந்து, சுங்தாங்கில் தீஸ்தாவின் பேரணையையே அடித்துச் சென்றது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது, குமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் பல நாள் முன்பே சென்றுவிட்டவர்களின் காதுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. முன்னதில் காட்சியும் இருந்தது, அனுமானமும் இருந்தது. பின்னதில் சொல்லும் பிறந்தது. ஆனாலும் இரண்டிலும், இன்னார் இன்னாரிடம் சொன்னார் என்று சொல்லும்படியான அந்தக் கடைசிக் கண்ணி இல்லை. யந்திரம் இந்தக் கண்ணியாக முடியுமா என்பதே என் சந்தேகம். அது அனுமானம் செய்யும்; நம்மில் பலரைவிட நன்றாகவே செய்யும். ஆனால் சொல்ல வேண்டும் என்ற விருப்பம் அதற்கில்லை. தவறினால் தலைகுனியும் தலையும் அதற்கில்லை. ஆப்தத்துவம் என்ற அந்த மூன்றாவது பாரத்தை யாரோ ஒரு மனிதர் தம் தோளில் வாங்கிக்கொண்டாலன்றி, கணிப்பொறியின் எண் ஓர் எண்ணாகவே நின்றுபோகும்.

இவ்விடத்தில், முதியவரின் சமயத்துக்கு வருகிறேன். 1542 இல் பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்கரையில் வந்து இறங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஞானஸ்நானம் பெற்ற மரபைச் சேர்ந்தவர் அவர். காலையில் கோயில் மணி கேளாமல் வள்ளத்தைத் தொடமாட்டார். விசுவாசத்தைப் பற்றி அச்சமயத்தின் பெருஞ்சிந்தனையாளரான தோமாஸ் அக்குவினாஸ் ஒன்றை நிறுவினார்: ஒரே பொருளை ஒரே மனிதன் ஒரே கோணத்தில் அறியவும் விசுவசிக்கவும் இயலாது; ஆனால் ஒருவன் அறிந்ததை மற்றொருவன் விசுவசிக்கக்கூடும். அப்படியானால், பேத்தி அறிகிறாள், தாத்தா விசுவசிக்கிறார். மழையைப் பொறுத்தவரை அவள் பக்கம் விஞ்ஞானம், அவர் பக்கம் விசுவாசம் என்றாகிறது. பரலோகத்தைப் பற்றியோ அவர்கள் இருவரும் ஒரே பக்கம்.

விஞ்ஞானம் எவ்வாறு என்பதைச் சொல்லும், சமயம் ஏன் என்பதைச் சொல்லும், இரண்டுக்கும் பகையில்லை என்று மேடையில் சமரசம் பேசுவது எளிது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திருச்செந்தூரில் அலையடிக்கும் கரையோரம் நாழிக்கிணற்றில் நன்னீர் ஊறுவது முருகனின் வேல் பட்டதால் என்பவர், எவ்வாறு என்பதையே சொல்கிறார். மணப்பாட்டுக் குகையின் கிணற்றில் கடலருகே இனிய நீர் கிடைப்பது சவேரியாரின் புண்ணியம் என்பவரும் அவ்வாறே. மழைநீர் தேரி மணலில் இறங்கி, உப்புநீரைவிட இலேசானதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நிற்கும் என்று கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் கண்ட நியமம் இந்தக் கதைகளோடு மோதத்தான் செய்கிறது. மோதலை மறைப்பது இரு தரப்புக்கும் மரியாதையன்று. ஆனால் அக்கிணற்றில் ஒரு குவளை மொண்டு குடிக்கிறவன் வணங்குவது ஒரு கூற்றை அன்று, ஒருவரை. விசுவாசம் என்பது இன்னது உண்மை என்று ஒப்புவதைக் காட்டிலும், இன்னாரை நம்புகிறேன் என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. கூற்றைப் பொய்ப்பிக்க ஒரு கணக்குப் போதும். ஒருவரை நம்புவது அப்படி ஒரு கணக்கில் தொடங்கியதும் இல்லை, முடிவதும் இல்லை.

விவிலியத்தில் யோபு ஆகமத்தின் கடைசியில், துன்பத்துக்குக் காரணம் கேட்ட மனிதனிடம் கடவுள் புயலின் நடுவிலிருந்து, பனியின் பண்டசாலைக்குள் நீ நுழைந்ததுண்டா, மழைக்குத் தகப்பன் யார் என்றெல்லாம் எதிர்க்கேள்வி கேட்கும் இடம் ஒன்று வருகிறது. இன்று அந்தப் பண்டசாலைக்குள் ஒருவாறு நுழைந்திருக்கிறோம். இத்தனை மில்லிமீட்டர் என்று இருப்பும் எடுக்கிறோம். அதனால் அந்தக் கேள்வி வலுவிழந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். நான் கவனிப்பது வேறொன்று: யோபு கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை, ஆயினும் அவன் திருப்தியடைந்தான், ஏனெனில் பேசுவதற்கு ஒருவர் வந்தார்.

ஆற்று நீர் கடலில் போய் வீணாகிறது என்று மேடைகளில் பேசப்படுவதைக் கேட்டு இம்முதியவர் ஒருமுறை கோபித்துக்கொண்டது நினைவுக்கு வருகிறது. தாமிரபரணியின் உபரி வெள்ளத்தைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் இட்டுவந்து, தாகித்த தேரிக்காட்டை நனைக்கும் திட்டத்தை அவர் எதிர்ப்பவரல்லர். தேரி நனைந்தால் தம் ஊர்க் கிணறும் இனிக்கும் என்று அறிந்தவர். "கடலுக்குப் போற தண்ணி வீணுன்னா, நாங்க பிடிக்கிற மீனும் வீணா?" என்றதே அவர் வழக்கு. ஆறு எங்கே முடிகிறது என்பதை மலையில் இருப்பவனும் வயலில் இருப்பவனும் ஒருவகையாகச் சொல்வார்கள். கடலில் இருப்பவன் வேறுவகையாகச் சொல்வான். எந்தக் கணிப்பொறிக்கும் எது விளைவு, எது வீண் என்று முதலில் ஒருவர் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பது அந்தக் கணக்கின் அடியில் எழுதப்படாமல் எழுதப்பட்டிருக்கும்.

மணப்பாட்டைத் தாண்டிக் குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரி 28 ஆம் நாள், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தெற்கே திறந்த கடலாகக் கிடப்பதால், இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் துருவப் பாதைக்குச் சிறு ராக்கெட்டுகள் அங்கிருந்து செல்ல முடியும். மலையை வானத்திலிருந்து பார்க்கும் கண்களில் சில, இனி இந்தத் தேரி மணலிலிருந்தே எழும்பும். எழும்பும் நாள்களில் வள்ளம் கடலுக்குப் போகலாமா, போகக்கூடாதா என்ற கவலை கரையில் இப்போதே இருக்கிறது.

பேத்தி ஊரில் இருந்த அந்த நாள்களிலேயே, புன்னைக்காயலில் உறவினர் வீட்டுத் திருமுழுக்குக்கு முதியவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவரை அவள் மறித்தாள். மலையில் முந்தின நாள் முதல் அடர்ந்த மழை என்றும், அணைகளுக்கு நீர்வரத்து ஏறுகிறது என்றும், மறுநாள் இரவுக்குள் ஆற்றுமுகத்தில் வெள்ளம் வரக்கூடும் என்று தன் கணக்கு காட்டுகிறது என்றும் சொன்னாள். எங்கள் ஊரில் வானம் வெளுத்துக் கிடந்தது. மேற்கே மலை தெரியவே இல்லை.

முதியவர் அவளுடைய மடிக்கணினியை ஒருமுறை பார்த்தார். அவளை ஒருமுறை பார்த்தார். "இந்தப் பெட்டி சொல்லுதா, நீ சொல்லுதியா?"

அவள் உடனே விடை சொல்லவில்லை. திரையை மறுபடியும் பார்த்தாள். விரலால் எதையோ நகர்த்தினாள். பிறகு அதை மூடிவைத்துவிட்டு, "நான்தான் தாத்தா சொல்லுதேன்" என்றாள்.

அவர் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திருமுழுக்கு வீட்டுக்குத் தொலைபேசியில் என்ன சொன்னாரோ தெரியாது. அவர்கள் கோபித்துக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆறு சிறிது கலங்கிப் பெருகியதே தவிர, கரைக்குள்ளேயே ஓடி வடிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது அவள் முகம் வாடியிருந்தது. முதியவர் அதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, வலைக்கண்ணில் விரலை ஓட்டிக்கொண்டே, "இன்னைக்கு மலையில எப்படிம்மா?" என்றார்.